போனை வாங்கி வைத்தால் மதிப்பெண் திரும்பி வருமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 14 வயது மகள். போன வருடம் வரை நன்றாகப் படித்தவள். ஆறு மாதமாக மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது. தினமும் மாலையில் மூன்று மணி நேரம் புத்தகத்தோடுதான் உட்காருகிறாள், பக்கத்திலேயே போனும் இருக்கிறது. முன்பெல்லாம் தோழிகளோடு வெளியே சுற்றியவள் இப்போது அறையை விட்டு வருவதில்லை. ஆனால் அதே தோழிகளோடு நாள் முழுக்க மெசேஜ் ஓடுகிறது. “சமூக ஊடகம்தான் காரணமா, போனை வாங்கி வைத்துவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கேள்விக்குறிகூடப் போடாமல், “வாங்கி வைத்தால் இருக்கிற நாலு தோழிகளும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். படிப்பைப் பற்றிய பாதிக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். தோழிகளைப் பற்றிய பாதிதான் சிக்கலானது.

நான் உளவியல் படித்துவிட்டுப் பல வருடங்களாகப் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளிடம் பேசாமல் அவளுக்கு என்ன பிரச்சினை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும், ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதில் இன்னும் தங்களுக்குள் சண்டை போடுகின்றன என்பதையும்தான் சொல்ல முடியும்.

முதலில் படிப்பு. போனில் போகிற நேரம் படிப்பு நேரத்தைத் தின்றுவிடுகிறது என்றுதான் பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தரவு அப்படிச் சொல்லவில்லை. 2018-ல் மார்க்கர், நாம்ப்ஸ், அப்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி, சுமார் 29,000 பேரின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சமூக ஊடகத்தை அதிகம் பயன்படுத்துபவர்களின் மதிப்பெண் சற்றே குறைவாக இருந்தது. ஆனால் அந்தத் தொடர்பு மிகச் சிறியது. படிப்பதற்கு ஒதுக்கிய நேரத்துக்கும் ஊடகப் பயன்பாட்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி எந்தத் தொடர்பும் இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே பார்ப்பவர்களிடம் பாதிப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பாடத்துக்காக, அதாவது சந்தேகம் கேட்க, குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்துபவர்களிடமோ லேசான நன்மையே இருந்தது. ஆக, “எத்தனை மணி நேரம்” என்று கேட்பதால் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. உங்கள் மகள் மூன்று மணி நேரம் உட்காருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மூன்று மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

இதைக் கிட்டத்தில் பார்த்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன், ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றித்தான். உங்கள் மகளின் வயதுதான். “மிஸ், நான் ரெண்டு மணி நேரம் படிக்கிறேன், சத்தியமா. எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய சம்மதத்தோடு போனின் அமைப்புகளுக்குள் போய், முந்தின நாள் மாலையின் கணக்கை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் போனை முப்பது முறைக்கு மேல் கையில் எடுத்திருந்தாள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான். கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரம்கூட வராது. “பாத்தீங்களா, ஒன்றரை மணி நேரம் படிச்சிருக்கேன்ல” என்று அவளே ஜெயித்த மாதிரி சிரித்தாள். பிறகு பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். மின்னோட்டம் பற்றிய பாடம். முதல் பக்கத்தில் ஒரே வரியின் கீழ் பென்சில், அதன் மேல் நீல மை, அதற்கும் மேல் மஞ்சள் மார்க்கர். இரண்டாம் பக்கத்தில் கோடுகள் குறைந்தன. கணக்குகள் ஆரம்பிக்கிற நாலாம் பக்கம் அச்சகத்திலிருந்து வந்தது போலவே இருந்தது. ஒவ்வொரு முறை போனை வைத்துவிட்டுத் திரும்பும்போதும் எங்கே விட்டோம் என்பது மறந்துபோய், பாடத்தின் தொடக்கத்துக்கே போயிருக்கிறாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைத்தால் எரிந்த நேரத்தின் கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும், தண்ணீர்தான் கொதிக்காது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2013-ல் லாரி ரோசனும் அவருடைய குழுவினரும் 263 மாணவர்களை, அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே 15 நிமிடம் உட்கார்ந்து கவனித்தார்கள். முக்கியமான பாடம் ஒன்றைப் படியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்கிறார் என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் கவனம் வேறு எங்கோ தாவிவிட்டது. யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். பத்து விநாடி பார்த்த மெசேஜ் பத்து விநாடியில் முடிந்துவிடுவதில்லை. “நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தோழி அனுப்பியிருந்தால் அன்றைக்கு மின்தடை, மின்னழுத்தம் எதுவும் தலையில் ஏறாது.

இவ்வளவையும் உறுதியாகச் சொல்வேன். இனி சொல்வதில் அந்த உறுதி இல்லை. போன் அணைத்த நிலையில் மேசையில் இருந்தாலே மூளையின் திறன் குறைகிறது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. பள்ளிகளில் போனுக்குத் தடை போட்டால் மதிப்பெண் ஏறுமா என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தில் 91 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வில் தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியது. அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது, முன்னணியில் இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஸ்வீடனில் அதேபோலச் செய்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வகுப்பறையில் கவனம் சிதறுவது என்னவோ உண்மை. 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா தேர்வின் 2022 சுற்றில், வளர்ந்த நாடுகளின் மாணவர்களில் 65 சதவீதம் பேர் கணித வகுப்புகள் சிலவற்றிலாவது டிஜிட்டல் சாதனங்களால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது: பள்ளியில் தினமும் ஒரு மணி நேரம் வரை படிப்புக்காகச் சாதனத்தைப் பயன்படுத்தியவர்கள், அதைத் தொடவே தொடாதவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள்.

அடுத்தது தூக்கம். உங்கள் கடிதத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. என்னிடம் வரும் பெற்றோரும் அநேகமாக அதைச் சொல்வதில்லை, நான்தான் கேட்பேன். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். பருவமடையும் காலத்தில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கம் வருவதே தாமதமாகிறது. அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. காலையில் பள்ளிக்கூடமோ அதே நேரத்துக்குத் திறக்கிறது. இந்த இடைவெளிக்குள்தான் போன் புகுந்துகொள்கிறது. 2016-ல் 20 ஆய்வுகளையும் ஒன்றேகால் லட்சம் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்ததில், படுக்கும் நேரத்தில் சாதனங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் போதிய தூக்கம் இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது. பயன்படுத்தாமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தவர்களுக்கும் தூக்கம் குறைந்திருந்தது. திரையின் நீல வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என் கண்ணில் பட்டவரை வெளிச்சத்தைவிடப் பெரிய விஷயம், பேச்சு முடிவதில்லை என்பதுதான். ஐந்து பேர் இருக்கிற குரூப்பில் பதினொன்றரை மணிக்கு ஒருத்தி அழுதுகொண்டிருந்தால், “நான் தூங்கப் போறேன்” என்று யார் முதலில் சொல்வது? சொன்னவள் மறுநாள் கெட்டவளாகிவிடுவாள். அதனால் எல்லோருக்கும் கண் சொக்கினாலும் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். பகலில் படித்தது மனத்தில் படிவது தூக்கத்தில்தான். அதனால் தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அன்றைய வகுப்பும் போய்விடுகிறது, முந்தின நாள் படித்ததும் போய்விடுகிறது. உங்கள் மகளின் விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், நான் இதைத்தான் கேட்பேன்: இரவு போன் எங்கே தூங்குகிறது?

இங்கே நிதானிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. போனால் மதிப்பெண் குறைகிறதா, மதிப்பெண் குறைந்ததால் போனுக்குள் போகிறார்களா? இரண்டுமே நடக்கிறது. கணிதத்தில் ஓர் அடிப்படை விட்டுப்போய், வகுப்பில் எதுவும் புரியாமல், வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிற பிள்ளை ரீல்ஸ் பார்க்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையிடமிருந்து போனை எடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும். இதைப் பிரித்தறிய நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஆய்வில் நிரூபிக்கப்பட்டதல்ல, பழக்கத்தில் வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் முதலில் தூக்கத்தையும் கவனச் சிதறலையும் சந்தேகிப்பேன். ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பாடத்தில் எங்கே பிடி விட்டது என்று தேடுவேன். குறிப்பிட்ட ஒரு வாரத்திலிருந்து எல்லாமே கவிழ்ந்திருந்தால் அந்த வாரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அது போனில் நடந்திருக்கலாம், வகுப்பில் நடந்திருக்கலாம், வீட்டிலும் நடந்திருக்கலாம். மதிப்பெண் அட்டையைத் தேதிவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

மனநலத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் “இன்ஸ்டா பார்க்கிற பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் என்கிறார்களே” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் அடிதடியே இதில்தான். 2010-க்குப் பிறகு, அதாவது ஸ்மார்ட்போன் எல்லோர் கையிலும் வந்த காலத்தில், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் வளரிளம் பெண்களிடம் மனச்சோர்வு கூடியிருக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்பதில்தான் வாதம். ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019-ல் மூன்றரை லட்சம் வளரிளம் பருவத்தினரின் தரவை அலசி, அவர்களின் நலனில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடியும் என்றார்கள். மறுபக்கம், 2004-லிருந்து ஃபேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்ததல்லவா, அந்த வரிசையை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் 2022-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எந்தக் கல்லூரிக்கு அது வந்ததோ அங்கே மாணவர்களின் மனநலம் மோசமானது; மனநிலையால் படிப்பு கெட்டது என்று சொன்னவர்களும் கூடினார்கள். அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023 மே மாதம் எச்சரிக்கை விட்டார். அதே வருடக் கடைசியில் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, மொத்த மக்கள்தொகை அளவில் சமூக ஊடகம்தான் காரணம் என்று முடிவுகட்ட இருக்கிற ஆதாரம் போதாது என்றது. இரு தரப்பிலும் இருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். பெற்றோராக உங்களுக்கு இந்தச் சண்டையில் கட்சி சேர வேண்டிய அவசியம் இல்லை.

ஏனென்றால் சராசரி என்பது யாருடைய பிள்ளையும் அல்ல. நெதர்லாந்தில் 2020-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு எனக்குப் பிடித்தது. 63 வளரிளம் பருவத்தினரிடம் ஒரு வாரம், ஒரு நாளைக்குப் பலமுறை, இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டுப் பார்த்தார்கள். வெறுமனே ஸ்க்ரோல் செய்த பிறகு 46 சதவீதம் பேர் நன்றாக உணர்ந்தார்கள், 44 சதவீதம் பேருக்கு எந்த மாற்றமும் இல்லை, 10 சதவீதம் பேர் மோசமாக உணர்ந்தார்கள். சிறிய ஆய்வு, அதனால் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஆனால் என் அறைக்கு வருகிறவர்களிடமும் இதே கலவையைத்தான் பார்க்கிறேன். ஒருத்தி அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாள். இன்னொருத்தி பத்து நிமிடத்தில் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள். வயதும் முக்கியம். பிரிட்டன் தரவை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும், இருவருக்குமே 19 வயதை ஒட்டியும், ஒரு வருடம் அதிகம் பயன்படுத்தினால் அடுத்த வருடம் வாழ்க்கையில் திருப்தி குறைவது தெரிந்தது. உங்கள் மகள் அந்த முதல் கட்டத்தைச் சற்றே தாண்டியிருக்கிறாள்.

இனி தோழிகள். 14 வயதில் நட்பு என்பது பொழுதுபோக்கு அல்ல, அதுதான் அந்த வயதின் முழுநேர வேலை. வீட்டை விட்டு மெல்ல விலகி, தன் வயதுக்காரர்களுக்கு நடுவில் தனக்கு என்ன இடம் என்று கண்டுபிடிக்கிற வேலை. முன்பு அது தெருவில், வகுப்பு முடிந்த வராந்தாவில் நடந்தது. இப்போது குரூப்பில் நடக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 80 சதவீதம் பேர் நண்பர்களின் வாழ்க்கையில் நடப்பது சமூக ஊடகத்தால் தெரிகிறது என்றும், 67 சதவீதம் பேர் கஷ்ட காலத்தில் துணைக்கு ஆட்கள் இருப்பதாக உணர்கிறோம் என்றும் சொன்னார்கள். 38 சதவீதம் பேர் அங்கே நடக்கும் நாடகங்களால் திணறிப்போவதாகவும் சொன்னார்கள். ஒரே பிள்ளை மூன்றையும் சொல்லியிருக்கலாம்.

அந்த நாடகம் எப்படி நடக்கும் என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஐந்து பேர் இருக்கிற குரூப் ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிடும். யாரும் யாரையும் திட்டவில்லை, யாரையும் நீக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து வேறொரு குரூப் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பழைய குரூப்பில் ஐந்தாமவள் “யாராச்சும் இருக்கீங்களா?” என்று அனுப்புகிறாள். நாலு பேரும் பார்த்துவிட்டதாக நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. என்னிடம் வந்த ஒருத்தி அந்தத் திரையைத்தான் நீட்டினாள். சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை. எந்த ஆசிரியரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? முன்பு ஒரு விருந்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்றால் இரண்டு நாள் கழித்துக் காதில் விழும். இப்போது அது நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்டோரி ஸ்டோரியாக வந்து விழுகிறது. பள்ளியில் மூண்ட சண்டை மணி அடித்ததும் நிற்பதில்லை. ஸ்க்ரீன்ஷாட்டாக வீட்டுக்குக் கூடவே வருகிறது. உங்கள் மகள் அறையை விட்டு வராததற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். விலகிப்போய்விட்டாள் என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில், அவள் உள்ளே தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டிருக்கலாம்.

அதனால் உங்கள் பயம் நியாயமானது. அவள் ஒருத்தியின் போனை மட்டும் எடுத்தால் நாலு பேரும் மாறப்போவதில்லை. பேச்சு அவள் இல்லாமல் நடக்கும், மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. நீ மட்டும் நாலு வாரம் டிக்டாக், இன்ஸ்டாகிராமை விட்டு வெளியேற எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது நல்ல தொகை கேட்டார்கள். உன் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து வெளியேறினால் என்று கேட்டபோது, அவர்களில் பலர் அதற்காகத் தாங்களே பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதில் எல்லாமே பிடித்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் இருக்கும்வரை தான் மட்டும் எழுந்து போக முடியாது, அதுதான் அவர்கள் கஷ்டம். ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் யாருக்கும் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2024-ல் சட்டம் போட்டு 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. அதன் பலனைப் பேச இன்னும் காலம் ஆக வேண்டும்.

அதே சமயம் மெசேஜ் நேரில் பேசுவதற்கு முழு மாற்று இல்லை. 2012-ல் வந்த ஒரு சிறு பரிசோதனையில், மன அழுத்தம் தரும் ஒரு வேலையை முடித்த சிறுமிகளில் சிலரை அம்மாவிடம் நேரில் பேச விட்டார்கள், சிலரைப் போனில் பேச விட்டார்கள், சிலரை மெசேஜ் மட்டும் அனுப்ப விட்டார்கள். நேரிலோ போனிலோ குரலைக் கேட்டவர்களுக்கு அழுத்த ஹார்மோன் இறங்கியது. மெசேஜில் பேசியவர்களுக்கு யாரிடமும் பேசாதது போலவே இருந்தது. அதனால் தோழிகளோடு தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். குரல் இருக்கிறதா, முகம் இருக்கிறதா என்று பாருங்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள், புதுப் பள்ளிக்கு மாறியவர்கள், வகுப்பில் வேறு யாருக்குமே இல்லாத ஆர்வம் உள்ளவர்கள் ஆகியோருக்குத் திரை வழி நட்பு பெரிய ஆறுதலாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் போனைப் பற்றி வாயே திறப்பதில்லை.

என்ன செய்யலாம்? முழுதாக வாங்கி வைக்க வேண்டாம். இரண்டு நேரத்தை மட்டும் மீட்டெடுங்கள். படிக்கும்போது 40 நிமிடம் போன் வேறு அறையில். பிறகு 10 நிமிடம் அவள் இஷ்டம், அதில் எதையும் நோண்டாதீர்கள். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பாள், உண்மையாகவே இருக்கும். உட்காருவதற்கு முன் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு ஒரு நேரத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிற எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாம் என்றால் உங்களுடையதும்தான். இதில் பெற்றோர்தான் முதலில் தோற்பார்கள். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள், அந்தச் சாக்கும் போய்விடும். முதல் சில நாட்கள் கதவு அறையப்படும், பேச்சு நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அந்த நாலு தோழிகளின் வீட்டுக்கும் பேசுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் குரூப் கிடையாது என்று ஐந்து வீடும் சேர்ந்து முடிவெடுத்தால், யாரும் எதையும் தவறவிடப்போவதில்லை, “முதலில் போனவள்” என்ற பெயரும் யாருக்கும் வராது. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடட்டும். கூடிய பிறகு ஐந்து பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

அவளுக்குத் தெரியாமல் மெசேஜ்களைப் படிக்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கு உங்களுக்குத் தெரியாத பெயரில் திறக்கப்படும். ஆபத்து என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் அது வேறு விஷயம், அப்போது தயங்கக் கூடாது. போன் அடித்தாலே முகம் வெளிறுவது, பிடித்த எல்லாவற்றையும் கைவிடுவது, சாப்பாடு குறைவது, வாழ்வதில் அர்த்தமில்லை என்கிற மாதிரிப் பேசுவது, இவற்றில் எதையாவது கண்டால் மதிப்பெண்ணை மறந்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போங்கள். படத்தை வைத்து யாரோ மிரட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் என்னிடம் சொல்லும்போது, “வீட்டில் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்பேன். திட்டுவார்கள் என்பதைவிட அதிகம் வரும் பதில், “போனை வாங்கி வெச்சிடுவாங்க மிஸ்” என்பதுதான். எது நடந்து சொன்னாலும் அதற்காகப் போனைப் பறிக்க மாட்டோம் என்று இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று வாரம் இப்படிப் பாருங்கள். தூக்கம் சரியான பிறகும் நாலாம் பக்கம் வெள்ளையாகவே இருந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. அப்போது எந்தெந்தப் பாடம், எந்த மாதத்திலிருந்து, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இன்னும் குறிப்பாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.